காயலுக்கும் ஹரீம் உண்டா?

 

சென்ற இதழில் கிணற்றைப் பற்றி எழுதியபோது ஹரீம் என்னும் சொல்லை விளக்கியிருந்தேன். நீர்நிலையைச் சுற்றி, பிறர் வந்து தோண்டவோ கட்டவோ கழிவு கொட்டவோ உரிமையில்லாதபடி ஒதுக்கி வைக்கப்படும் நிலத்திற்கு ஃபிக்ஹு நூல்கள் இட்ட பெயர் அது. கால்நடைக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழம், ஊற்றுக்கு 500 முழம் என்று ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் அளவும் கூறுகின்றன. அதைப் படித்த சகோதரி ஒருவர் முத்துப்பேட்டைப் பகுதியிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். "கிணற்றுக்கும் ஊற்றுக்கும் ஹரீம் உண்டென்று எழுதினீர்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே கிடக்கும் காயலுக்கு உண்டா? அதன் ஓரத்தில் இருப்பது வெறும் சேறுதானே, தூர்த்து மேடாக்கினால் யாருக்கு நட்டம் என்று எங்கள் வீட்டு ஆண்களே பேசிக்கொள்கிறார்கள்" என்பது அவருடைய கேள்வி.

அந்தச் சகோதரிக்கு முதலில் என் நன்றி. இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் முஸ்லிம்களின் பழைய ஊர்களை வரைபடத்தில் வரிசையாகக் குறித்துப் பாருங்கள். வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் ஊர். வெள்ளாற்றுக் கழிமுகத்தில் பரங்கிப்பேட்டை. முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் ஒரே அலையாத்திக் காட்டின் இரு பக்கங்களில். தெற்கே காயல் என்ற சொல்லையே பெயரில் தாங்கிய காயல்பட்டினம். கடல் கடந்தால் புத்தளம் களப்பு. மட்டக்களப்பின் ஓரத்தில் காத்தான்குடி. மரக்கலத்தில் வந்தவர்களும் மரக்கலம் ஓட்டியவர்களும் பேரலை அடிக்கும் திறந்த கரையைத் தேடவில்லை. அலை அடங்கிய நீரைத் தேடினார்கள். அலை அடங்கிய நீர் என்றால் காயல்தான். ஆகவே காயலின் ஓரம் என்பது நம்மில் பலருக்கு வீட்டுக் கொல்லைப்புறம். கொல்லைப்புறத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது நமக்கு அழகன்று.

காயல் என்பது என்ன? கடலுக்கும் கரைக்கும் இடையே மணல்மேடு ஒன்று திரையிட, அதற்குப் பின்னால் ஆழமின்றிப் பரந்து கிடக்கும் நீர். ஒரு பக்கம் முகத்துவாரத்தின் வழியே கடல் உள்ளே வருகிறது. மறுபக்கம் ஆறுகள் நன்னீர் கொண்டு வருகின்றன. சூரா அர்ரஹ்மானை ஓதும்போது இரு கடல்கள் சந்திப்பதைப் பற்றிய திருவசனம் பலருக்கு நினைவு வரும். அதன் விளக்கத்தை ஆலிம்கள் கூறட்டும். கண்ணால் காணக்கூடியதை மட்டும் நான் கூறுகிறேன்.

முத்துப்பேட்டைக் காயலையே எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகையின் தென்கோடி அது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு முதலிய காவிரியின் கடைசிக் கிளைகள் வந்து கலக்கும் இடம். அதற்கு அப்பால் பாக் நீரிணை. காயலும் கழிகளும் காடும் வெற்றுச் சேற்று நிலமுமாகச் சேர்ந்து சுமார் 12,000 ஹெக்டேர். அதில் திறந்த நீர்ப்பரப்பாகிய காயல் மட்டும் ஏறத்தாழ 1,700 ஹெக்டேர். படகில் செல்வோர் அதன் அகலத்தைக் கண்டு ஆழத்தையும் பெரிதாக எண்ணுவர். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் ஆழமே இருக்கும். இறங்கி நடந்தால் இடுப்பளவு. மழைக்காலத்தில் இந்நீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். கோடையிலோ கடலைவிட உப்பேறிவிடும். ஓராண்டுக்குள் இத்தனை மாற்றத்தையும் தாங்கிக்கொண்டு ஓரிடத்தில் வேரூன்றி நிற்க எல்லா உயிருக்கும் இயலாது. இயன்றவை அனைத்தும் வாழ்வது அந்த ஓரத்தில்தான்.

அந்த ஓரம் ஒரே கோடு அன்று. நீரிலிருந்து நிலத்தை நோக்கிக் காலடி எடுத்து வைத்தால், சில அடிகளுக்கு ஒருமுறை உலகம் மாறும். முதலில் ஓதம் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் சேறு. அடுத்து, அலையாத்தி என்றும் வெண்கண்டல் என்றும் அழைக்கப்படும் மரங்கள். முத்துப்பேட்டைக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இம்மரமே. இடையிடையே நரிக்கண்டல், தில்லை, கழுதைமுள்ளி. அதற்கும் பின்னால், பெருஓதத்தின்போது மட்டும் நீர் எட்டும் மேட்டில் உமரிச் செடிகள். கோடையில் சிவந்து, தூரத்திலிருந்து பார்க்கும்போது யாரோ கம்பளம் விரித்தது போலத் தோன்றும். கடல் பக்கத்து மணல்மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வளராது. அரை முழ உயரம் கூடினாலும் குறைந்தாலும் குடியிருப்பவர் மாறிவிடுவர். லாரி மண் கொண்டு வந்து ஓரத்தை உயர்த்துகிறவர் இதைத்தான் அறிவதில்லை. அவர் ஒரு செடியையும் வெட்டியிருக்க மாட்டார்; உயரத்தை மட்டும் மாற்றியிருப்பார். அதுவே போதும்.

அலையாத்தி மரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் அடியில் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான பென்சில்களைக் குத்தி வைத்தாற்போல மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்கும். களிமண்ணுக்குள் காற்று இல்லை. ஆகவே வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. உப்பு நீரைக் குடித்த மரம், மிகுந்த உப்பை இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. இலையை நாவில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதன் விதை, தாய்மரத்தில் இருக்கும்போதே கனிக்குள் முளைவிட்டு, விழுந்தவுடன் வேர்பிடிக்க ஆயத்தமாகிறது. ஓதம் வந்து அடித்துச் செல்லும் இடத்தில் மெல்ல மெல்ல முளைத்துக்கொண்டிருக்க அதற்கு அவகாசம் ஏது? ஸுப்ஹானல்லாஹ்! படைத்தவன் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடத்துக்குத் தக்க அமைப்பைத் தந்திருக்கிறான்.

இனி, "யாருக்கு நட்டம்" என்ற கேள்விக்கு வருவோம்.

உங்கள் அடுக்களைக்கு வரும் வெள்ளை இறாலைக் கேளுங்கள். அது பிறந்தது கடலில். தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு பல உருவங்கள் மாறி, இரண்டு மூன்று வாரங்களில் மயிரிழை போன்ற சிற்றுருவாகிறது. அப்போது அது ஓதத்தோடு மிதந்து முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. ஆழமான நடுக்காயலில் அதற்கு வேலையில்லை. அங்கே அதை விழுங்க மீன்கள் காத்திருக்கும். அது நாடுவது முழங்கால் அளவுக்கும் குறைந்த நீருள்ள ஓரத்தை. மூச்சுவேர்களின் இடுக்கு, கடற்புல்லின் அடி, உமரிக்கருகே ஓதநீர் ஏறி நிற்கும் சிறு பள்ளம் ஆகியவையே அதன் தொட்டில். சில மாதங்கள் அங்கே தின்று வளர்ந்து, பிறகு மீண்டும் கடலுக்குச் சென்று அங்கே முதிர்கிறது. கடலில் வலைவீசிப் பிடித்த இறாலென்று நாம் வாங்குவதும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு காயலின் ஓரத்தில் ஒளிந்து வளர்ந்ததுதான்.

சேற்று நண்டின் கதை இதற்கு நேர் எதிர். அது வாழ்வதும் இணைவதும் காயலில்; முட்டை சுமந்த பெண் நண்டு மட்டும் கடலுக்குப் போய்க் குஞ்சு பொரித்துவிட, குஞ்சுகள் காயலுக்குத் திரும்புகின்றன. நண்டை அடுப்படிப் பக்கமே விடாத குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. அது ஆகுமா ஆகாதா என்ற மத்ஹபு விவாதத்தை இங்கே தொடங்கி ஆசிரியருக்கு நூறு கடிதம் வரச் செய்ய நான் விரும்பவில்லை! அதை உண்ணாதவர் வீட்டுக்கும் அந்த நண்டு உழைக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நண்டுகள் வளை தோண்டுவதால்தான் காற்றும் ஓதநீரும் களிமண்ணுக்குள் இறங்குகின்றன. உதிர்ந்த அலையாத்தி இலையை அவை துண்டு துண்டாக்குகின்றன. அத்துண்டுகளின் மேல் நுண்ணுயிர்கள் படர்கின்றன. அதைப் புழுவும் இறால் குஞ்சும் தின்கின்றன. அவற்றை மடவையும் கொடுவாயும் தின்கின்றன. கொடுவாய் மீன் வாங்கும்போது நாம் கொடுக்கும் விலைக்குள் இலைக்கும் நண்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவை நம்மிடம் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

மரமில்லாத வெற்றுச் சேறும் வீண் நிலம் அன்று. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை தொடங்கி, சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குவது அந்த வெற்றுச் சேற்றில்தான். குட்டை அலகுள்ளது மேற்பரப்பில் பொறுக்கும்; நீண்ட அலகுள்ளது ஆழத்திலுள்ள புழுவை இழுக்கும். ஒரே தட்டில் உண்டும் ஒன்றோடொன்று சண்டையில்லை. அருகிலுள்ள கோடியக்கரையில் பூநாரைகள் தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்தி வடிகட்டி உண்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கோடியக்கரைச் சரணாலயமும் முத்துப்பேட்டைக் காடும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே வெறுமையாகக் கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு எல்லாச் சேற்றிலும் மரக்கன்று நடக் கிளம்புவதும் சரியன்று. பறவை உண்ணும் சேறு பறவைக்கே இருக்கட்டும். மரம் முன்பு நின்று அழிந்த இடம் எதுவோ, அங்கே மரம் நடுவதே முறை.

அப்படி அழிந்த இடம் முத்துப்பேட்டையில் ஏராளம். அது எப்படி அழிந்தது, எப்படி மீண்டது என்பதுதான் நான் இம்மாதம் முதன்மையாகச் சொல்ல விரும்பியது.

இக்காடு 1937-இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. காப்புக் காடு என்றால் மரத்தை வெட்டமாட்டார்கள் என்று நாம் எண்ணுவோம். அக்காலத்து வனத்துறையின் கணக்கு வேறு. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டை அடியோடு வெட்டி விறகாக விற்பார்கள். சில ஆண்டுகளில் அது தானே வளர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கிய இவ்வழக்கம் 1970-கள் வரையிலும் நீடித்தது. மேட்டு நிலக் காட்டில் இந்தக் கணக்கு ஓரளவு பலித்திருக்கலாம். இங்கே பலிக்கவில்லை.

காரணம் நுட்பமானது. மரம் நின்றவரை நிழல் இருந்தது. களிமண் ஈரமாகவே இருந்தது. மரம் போனதும் வெயில் நேரே களிமண்ணில் விழுந்தது. ஈரம் வற்றியது. ஈரம் வற்றிய களிமண் சுருங்கித் தாழ்ந்தது. கழியின் விளிம்பு மட்டும் மேடாக நிற்க, உட்பகுதி தட்டின் நடுப்பள்ளம் போல் ஆயிற்று. பெருஓதத்திலும் மழை வெள்ளத்திலும் உள்ளே புகுந்த நீர் திரும்பிச் செல்ல வழியில்லை. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கியது. அடுத்த ஓதத்தில் மேலும் கொஞ்சம் உப்பு. அடுத்த கோடையில் மேலும் கொஞ்சம். உப்பையே உண்டு வாழும் அலையாத்தியின் விதைகூட முளைக்க முடியாத அளவுக்கு அந்த மண் உப்பேறிவிட்டது. கழிகளின் ஓரத்தில் மட்டும், நாள்தோறும் நீர் வந்து போகும் இடத்தில், பச்சை நாடா போல மரங்கள் தப்பி நின்றன. அதற்குப் பின்னால் பல நூறு ஹெக்டேர் வெண்மையும் சாம்பல் நிறமுமாக மாண்டு கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர் விறகு வெட்டிகளையும் மாடு மேய்ப்பவர்களையும் குற்றம் சொன்னார்கள். ஏழையைக் குற்றம் சொல்வது எப்போதும் எளிது.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிடைத்த நுனி, மீனவர்கள் வெட்டிய வாய்க்கால்கள். இப்பகுதியில் கழியிலிருந்து உள்ளே வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறிவரும் மீனையும் இறாலையும் பிடிப்பது பழைய வழக்கம். அந்த வாய்க்கால்களின் இரு கரையிலும், யாரும் நடாமலே அலையாத்தி செழித்து நின்றது. நீர் வந்து போனால் மரம் தானே வரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் 1990-களில் இவ்வழியையே பின்பற்றின. கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள் போலத் தோன்றும். ஓதநீர் முள்ளின் நுனிவரை ஏறி, உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்பியது. வாய்க்காலின் சரிவில் விதைகள் ஊன்றப்பட்டன. சில ஆண்டுகளில் அந்தச் சாம்பல் நிலம் பச்சையாயிற்று. சுற்றியுள்ள கிராம மக்களைக் குழுவாகச் சேர்த்து, வாய்க்கால் தூர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பகிர்ந்தளித்தார்கள். அழிந்ததைக் கன்று நட்டு மீட்கவில்லை. அடைபட்ட நீருக்கு வழிவிட்டு மீட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. அந்த இரவை டெல்டா மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. அலையாத்திக் காட்டிலும் இலை முழுதும் உதிர்ந்து, கிளை முறிந்து, பெரும் பரப்பில் மரங்கள் பட்டுப்போயின. அப்படியானால் இந்தக் காட்டினால் என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு. காடு காற்றைத் தடுக்கும் மதில் அன்று. அது அலையின் வேகத்தைத் தணிக்கும். கரை மண்ணை அரிக்கவிடாமல் பிடிக்கும். பெயரே அதைத்தானே சொல்கிறது! அடியைத் தான் வாங்கிக்கொண்டு பட்டுப்போன மரத்தைப் பார்த்து, நீ ஏன் சாய்ந்தாய் என்று கேட்பது நன்றாயில்லை. புயலுக்குப் பின் வனத்துறை மீண்டும் வாய்க்கால் வெட்டிக் கன்றுகள் வளர்க்கும் பணியைத் தொடர்ந்திருக்கிறது. தப்பிய மரங்களின் விதைகளும் தம் வேலையைச் செய்கின்றன. ஆனால் இதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

இன்னொரு நோவு மெல்ல வருவது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. அதற்கு மேலும் கீழும் பின்னர் எழுந்த அணைகள், கதவணைகள், பாசனத் தேவைகள் எல்லாம் கடந்து, கடைமடைக்கு வரும் நன்னீர் சுருங்கிவிட்டது. பருவமழைக் காலத்தில் மட்டுமே காயலுக்கு ஆறு வருகிறது என்னும் நிலை. கடலில் கலக்கும் நீர் வீணாகிறது என்று மேடைகளில் பேசும்போது கைதட்டுகிறோம். அந்த 'வீணான' நீர்தான் இறால் குஞ்சுக்கு உப்பைத் தணிப்பதும், முகத்துவாரத்தின் மணலைத் தள்ளி வழி திறப்பதும். உப்பு மிகுந்துகொண்டே போவதால், அதைத் தாங்கும் அலையாத்தி ஒன்றே இங்கு பெருகி, பிற மரங்கள் அருகிவிட்டன. பிச்சாவரத்தில் இன்றும் காணும் சுரபுன்னைக் கூட்டத்தை இங்கே அப்படிக் காண முடியாது.

இறால் பண்ணைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை முழுமையாகாது. 1990-களின் தொடக்கத்தில் இக்கடற்கரை நெடுகிலும் வயலையும் உமரி நிலத்தையும் வெட்டிக் குளமாக்கினார்கள். கிணறுகள் உப்பாயின, கழிவுநீர் கழியில் கலந்தது. நாகை மாவட்டத்தில் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டிப் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்றும், சிலிக்கா, பழவேற்காடு ஆகிய ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. பின்னர் 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பதிவுபெற்ற பண்ணைகளுக்கு வழி செய்தது. இன்று கடையில் கிடைக்கும் பண்ணை இறாலில் பெரும்பங்கு அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையைச் சேர்ந்த வெனாமி வகை. 2009-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. இத்தொழிலால் பிழைக்கும் குடும்பங்களும் உள்ளன. நம்மவர்களும் அதில் முதலிட்டிருக்கிறார்கள். தொழிலே ஹராம் என்று நான் சொல்லவரவில்லை. காயலின் ஓரத்தை வெட்டிக் குளமாக்குகிறவர், பலரும் பிடித்து உண்ணும் இறாலின் தொட்டிலை எடுத்துத் தாம் மட்டும் விற்கும் இறாலுக்குத் தொட்டியாக்குகிறார். கொடுக்கல் வாங்கலில் இதை நாம் எப்படிக் கணக்கிடுவோம்?

இப்போது சகோதரியின் கேள்வி. காயலுக்கு இத்தனை முழம் ஹரீம் என்று ஃபிக்ஹு நூல்களிலிருந்து ஓர் எண்ணை எடுத்துத் தர நான் முயலவில்லை. ஃபத்வா தருவது என் வேலையுமன்று. ஆனால் ஹரீமின் நோக்கம் தெளிவானது. நீர்நிலை எதனால் நீர்நிலையாக நிற்கிறதோ, அந்த அளவு நிலம் அதற்கே உரியது. கிணற்றுக்கு அது வெளியே சுற்றியுள்ள தரை. காயலுக்கோ ஓரம் என்பது வெளியே இருப்பதன்று. அதன் வாயும் வயிறுமே அதுதான். கிணற்றைச் சுற்றி 40 முழத்தைத் தூர்த்தாலும் கிணறு சில காலம் நீர் தரும். காயலின் ஓரத்தைத் தூர்த்தால், நடுவில் நீர் பளபளத்துக்கொண்டே இருக்கும்; உள்ளே உயிர் இராது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை அடுத்த நகீஉ என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பொது நலனுக்காக ஹிமாவாக ஒதுக்கியதும், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸரஃப், ரபதா என்னும் இடங்களை அவ்வாறே ஒதுக்கியதும் நாம் அறிந்த வரலாறு. தனியார் எவரும் தமக்கென்று வளைத்துக்கொள்ளக் கூடாத நிலம் என்று ஒன்று உண்டு என்பதை நம் மார்க்கம் புதிதாக யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

நாட்டின் சட்டமும் ஒரு ஹரீமை வரைந்திருக்கிறது. 1991-இல் பிறந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. அலையாத்திக் காடு, உமரி வளரும் உப்புச் சதுப்பு, உயிர்ச்செறிவுள்ள சேற்று நிலம் ஆகியவற்றை அது முதல் வகுப்பில் வைத்துக் காக்கிறது. ஓதம் ஏறும் கழிகளின் ஓரத்தில் 2011-இல் 100 மீட்டர் வரை இருந்த காப்பு, 2019-இல் 50 மீட்டராகக் குறைந்தது. கழியின் அகலம் அதைவிடக் குறைவானால் அவ்வகலமே அளவு. என் கருத்தில் இது பின்னோக்கி வைத்த அடி. அந்த 50 மீட்டரையாவது நாம் மதிக்கிறோமா என்பது வேறு கேள்வி.

குடும்பப் பத்திரிகை என்பதால் வீட்டுக்குரிய சில செய்திகள். சவூதியிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைத்து அனுப்பும் பணத்தில் ஊரில் மனை வாங்கும்போது, காயல் ஓரத்து மனை மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும், மாவட்ட நிர்வாகத்திடம் கடற்கரை மண்டல வரைபடத்தையும் பார்த்த பின்பே முன்பணம் கொடுங்கள். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே கட்டட அனுமதி கிடைத்துவிடாது. பெண்கள் பெயரில் வாங்கும் மனையாயின், அப்பெண்ணும் ஒருமுறை நேரில் சென்று, பெருஓத நாளில், அதாவது அமாவாசை அல்லது பௌர்ணமியை அடுத்த நாளில், நீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துவிடட்டும். தரகர் காட்டும் நாள் எப்போதும் வற்றிய நாளாகத்தான் இருக்கும்! உமரிச் செடி முளைத்திருந்தால் அது கடல் நீர் வந்துபோகும் மண். வேறு சான்று தேவையில்லை.

மீன் வாங்கும்போது முட்டை சுமந்த நண்டையும், விரல் நீளமே உள்ள இறாலையும் வேண்டாமென்று சொல்லுங்கள். வாங்குவோர் இருக்கும்வரை அவை பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக் கழிவைக் கழியில் கொட்டும் பழக்கம் எந்த ஊரில் இருந்தாலும், அந்த ஊர் ஜமாஅத் முன்கூட்டியே குழி வெட்டிப் புதைக்க ஏற்பாடு செய்துவிட்டால், பெருநாளன்று யாரையும் கண்டிக்க வேண்டிய தேவை நேராது. வீட்டுக் குப்பையும் அப்படியே. ஓதத்தோடு வரும் பிளாஸ்டிக் பை மூச்சுவேர்களைப் போர்த்திக்கொண்டால் மரம் மூச்சுத் திணறுகிறது. இது உவமை அன்று, உள்ளபடியே நடப்பது.

வாய்க்கால்களைப் பற்றி ஒரு சொல். அவற்றில் ஓதத்தோடு வண்டல் படிகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வாராவிட்டால் உட்பகுதி மீண்டும் தேங்கி உப்பாகத் தொடங்கும். உங்கள் ஊர்க் கிராம சபையில் சாலைக்கும் விளக்குக்கும் கோரிக்கை வைக்கும்போது இதையும் சேர்த்து ஒரு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். காடு வனத்துறைக்கு உரியது என்பதால் தீர்மானத்தின் படியை மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்ப வேண்டும்.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறையின் அனுமதியோடு படகில் காயலுக்குச் செல்லலாம். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். பொட்டலமும் புட்டியும் கொண்டு போனால் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். படகு கோரையாற்றை விட்டுக் காயலுக்குள் திரும்புமுன், இரு கரைகளிலும் சிறு வாய்க்கால்கள் பிரிவதைப் படகோட்டியிடம் கேட்டால் காட்டுவார். வாய்க்காலை ஒட்டிய மரத்தின் உயரத்தையும், அதிலிருந்து பத்துப் பதினைந்து முழம் தள்ளி நிற்கும் மரத்தின் உயரத்தையும் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுதி அனுப்பினால், இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பதில் எழுதுவேன்.